ஒதுக்கியதும் செலவானதும்

ஒரு சிறுமியின் அறிவுக்கு விலை ஆண்டொன்றுக்குப் பதினோராயிரத்து நானூறு உரூபா, பேரம் கிடையாது. அவ்விலையைத் தன் ஆய்வறிக்கையில் குறித்தவள் பார்கவி. கார்முகில் வேதாளக் குன்றின் முடியில் கவிய, முளா ஆறு செம்புனல் சுழித்துப் பாலத்தின் கால்களை முட்ட, ஔந்தின் அடுக்குமாடங்கள் நனைந்த யானைக் கூட்டம்போல் அசையாது நின்ற ஆடித் திங்கட் காலையொன்றில், புனே நகரத்துப் பொருளியல் ஆய்வகத்தில் அமர்ந்திருந்த அக்கோவைப் பெண்ணின் உள்ளங்கைகள் மழைபடாமலே நனைந்திருந்தன.

காரணம் கேளீர், கணக்கறிந்த பெருமக்களே. கல்விக்குப் பொதுப்பணம் இறைக்கும் நாடு செழிக்குமா என்று, நம் நாட்டையும் அண்டை நாடுகள் நான்கையும் அருகருகே நிறுத்தி எடைபோட்டது அவள் ஆய்வு. (அண்டையார் பெயர் வேண்டா, அவரைப் புகழ்ந்தால் நம் வீட்டில் சோறு கிடைக்காது.) அவர்க்கெல்லாம் போட்ட பணம் வளர்ச்சியாய்த் திரும்பிற்று, நமக்கோ திரும்பவில்லை என்று அது முடிந்தது. அதைக் கைக்கொண்ட அரசுக் குழு, மலையோரச் சிறுபள்ளிகள் நாற்பத்தொன்றைப் பயனற்றவை என வகுத்து, அன்றைய திங்கட்கிழமை முதல் நாளொன்றுக்கு ஐந்தாகப் பூட்ட ஆணையிட்டது. பூட்டு விழுமுன், அன்று காலையிலேதான் பார்கவி கண்டாள்: அண்டையார் நிரல்களில் செலவான தொகை, நம் நிரலில் மட்டும் ஒதுக்கிய தொகை. செலவாகாமல், நிதியாண்டு முடியும் பங்குனியில் கருவூலத்துக்கே திரும்பிய பணத்தைப் பள்ளியில் போட்டு வீணானதாக எழுதியிருந்தாள். சந்தைக்கே போகாத காசிடம் காய் எங்கே என்று கேட்டதைப்போல.

ஆய்வகத் தலைவர் இராமநாதனிடம் சொன்னாள்.

"தப்பு எம்மேலதானுங்க சார். ஒதுக்குனதைச் செலவுன்னு போட்டுட்டேனுங்க."

"ரெண்டு வருஷம் தூங்கிட்டு இப்பத்தான் முழிச்சியாம்மா? யாரும் கேக்கலையே. வாகட்ல வீடு வாங்கியிருக்கே, கடன் எவ்ளோ பாக்கி?"

"பள்ளிக்கூடத்தைப் பூட்டறாங்க சார்."

"பூட்டறது அவங்க. நீ வாயை மூடிட்டு வேலையைப் பாரு."

கைத்தொலைபேசி ஒலித்தால் திடுக்கிட்டும், மின்தூக்கியில் எவரேனும் நோக்கினால் கண்டுகொண்டாரோ எனக் குறுகியும், திருத்த மடலை எழுதி அழித்தும், அழித்ததை மீள எழுதியும் அவள் மூன்று நாள் கழித்தாள். மாலைதோறும் ஐந்து ஊர்களின் பெயர் செய்தியில் வந்தது. புதன் மாலையோ, பூட்டிய கதவின்முன் புத்தகப்பையைத் தலைமேல் கவிழ்த்து நின்ற சிறுமியரின் படம் வந்தது. வேலை போய்விடுமே என்ற அச்சத்தை அப்படம் மூட்டிய அச்சம் விழுங்கிற்று. வியாழன் விடிந்ததும் மடல் குழுவுக்குச் சென்றது. பூட்டும் வேலை அன்று முற்பகலே நின்றது; பார்கவியின் வேலை பிற்பகலில் நின்றது.

அஞ்சுவோர்க்கு மூன்று நாள் மிகச் சிறிது. கணக்கு வருமாறு: மூடக் குறித்தவை நாற்பத்தொன்று, மடலால் பிழைத்தவை இருபத்தாறு, அவள் வாய் மூடியிருந்த நாள்களில் பூட்டு விழுந்து, இன்றளவும் திறவாமல் அவள் பெயரில் நிலுவை நிற்பவை பதினைந்து.