இன்னொருவன் பாஸில் செத்தவன்

“செத்தவன் பேரு உனக்கு எப்டிம்மா தெரியும்?”

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், ஓர் இரும்பு உருக்காலையின் கேட்டுக்கு வெளியே, சவப்பெட்டி ஏற்றிய வண்டியில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மணவாளன் இப்படிக் கேட்டபோது ஜோதிலட்சுமிக்குப் பத்தொன்பது வயது. அந்த ஆலையின் கேன்டீனில் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். மணவாளன் அங்கே ஆள் சப்ளை செய்யும் கான்ட்ராக்டர். சுற்றிலும் நாற்பது ஆண்கள் நின்றார்கள்.

அவள் சொன்னது இவ்வளவுதான்: “அண்ணா, இவுரு ரஞ்சித் இல்ல. பிகாஷ். ஒடிசாக்காரு.”

மணவாளனுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஓர் ஆள் வேலையை விட்டுப் போனால் அவனுடைய கேட் பாஸைப் பிடுங்கி வைத்துக்கொள்வான். அடுத்து வருகிறவன் கழுத்தில் அதையே மாட்டிவிடுவான். புது பாஸ் என்றால் மருத்துவப் பரிசோதனை, மூன்று நாள் பாதுகாப்புப் பயிற்சி. அதற்கெல்லாம் யார் காத்திருப்பது? அப்படித்தான் ஒடிசாவிலிருந்து வந்த பிகாஷ் மாஜி, வங்காளத்து ரஞ்சித் தாஸின் பாஸோடு உலைப்பக்கம் நின்றான். ரஞ்சித் தாஸாகவே வெந்து செத்தான். அடையாளம் சொல்ல முகம் மிஞ்சவில்லை. பாஸில் இருந்த விலாசத்துக்குப் பெட்டி கிளம்பியது.

ஜோதி எல்லோரிடமும் சொந்தப் பெயரைக் கேட்டுவிட்டுத்தான் டம்ளரை நீட்டுவாள். காதலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. இத்தனை தூரம் வந்தவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருத்தியாவது வேண்டாமா என்றுதான்.

“இன்னாமா பேச்சே காணோம்? பேரு மட்டுந்தான் தெரியுமா, மச்சம் எங்க கீதுன்னும் தெரியுமா?”

நாற்பது பேரும் சிரித்தார்கள். வண்டி போய்விட்டது.

வங்காளத்தில் அந்த உடலை எரித்துக் காரியமும் முடித்த பிறகு, ரஞ்சித் கேரளாவிலிருந்து வீட்டுக்கு போன் போட்டான். அதற்குள் ஆலையில் கோப்பை மூடிவிட்டார்கள். பிகாஷின் அம்மாவுக்கு மகன் செத்தான் என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூடப் போகவில்லை. ஜோதியைப் பற்றிய பேச்சோ அவள் ஏறிய ரயிலுக்கு முன்னால் அவள் ஊரான பொன்னேரிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மூன்று ஏக்கர் நெல் போடுகிற அவள் அப்பா, “நாளைலருந்து வேலைக்குப் போவாத” என்றார். பெண் பார்க்க வந்தவர்கள் அடுத்த தெருவில் விசாரித்துவிட்டு அப்படியே திரும்பினார்கள்.

அவள் அழவில்லை. இந்தி கற்றாள், அப்புறம் ஒடியா. பிகாஷின் அம்மாவைத் தேடிப் பிடித்து, மகன் செத்ததைச் சொன்னவள் அவள்தான். இலவச சட்ட உதவி மையத்தில் தன்னார்வலராகப் பெயர் கொடுத்தாள். ஜாமீன் கிடைத்தும், நிலமுள்ள உள்ளூர்க்காரர் ஒருவர்கூடப் பிணைக் கையெழுத்துப் போட முன்வராததால் சிறையிலேயே கிடந்த வடக்கத்தி ஆட்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு நெல் விவசாயிகள் வீடு வீடாக ஏறினாள். முதல் ஆளுக்குச் சிட்டாவைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்கு வந்தவர் அவள் அப்பாதான். மூன்று வருடம் அவரோடு சண்டை போட்டு வாங்கிய கையெழுத்து அது.

பதினைந்து வருடத்தில் ஓர் அலுவலகம், ஒரு விருது, சென்னையில் ஓர் அறக்கட்டளையின் ஆதரவு எல்லாம் வந்தன. பேட்டி எடுக்க வந்தவர்கள் ‘சேவை’ என்று எழுதினார்கள். அவள் திருத்தவில்லை. ஒவ்வொரு முறை அவள் கொடுத்த புகாரில் ஒரு கான்ட்ராக்டரின் லைசென்ஸ் ரத்தானபோதும் பெயரைத்தான் முதலில் பார்ப்பாள். அது மணவாளனாக இருந்ததே இல்லை.

கடைசியில் அவனே வந்தான். ஆப்பிள் கூடை, சால்வை, வெள்ளைச் சட்டை. அந்த அறக்கட்டளை இருநூறு தொழிலாளர்களுக்கு விடுதி கட்டப் போகிறது, இடம் மணவாளனுடையது, வாசலில் அவன் அம்மா பெயர். எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. இவர்மேல் தொழிலாளர் புகார் ஏதும் இல்லை என்று ஜோதியின் அலுவலகம் ஒரு கடிதம் கொடுத்தால் போதும்.

தொழிலாளர்களுக்குக் கொடுப்பதுபோல அவனுக்கும் டோக்கன் கொடுக்கச் சொன்னாள். நம்பர் பதினேழு. இரண்டரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

அவளோடு ஆறு வருடமாக வேலை செய்கிற சாலமோன் உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.

“அக்கா, உன் கோவம் எனக்குத் தெரியும். ஆனா தகர ஷெட்ல ஒருத்தன் எழுந்தாதான் இன்னொருத்தன் படுக்குறான். போன மாசம் வெயில்ல ரெண்டு பேரு மயங்கி உழுந்தாங்க. கட்டடம் வந்துடட்டும். அப்பால அவன ஒரு கை பாத்துக்கலாம்.”

“அப்பால அவன் கொடை வள்ளல் ஆயிடுவான். எவன் தொடுவான் அவன?”

“இருநூறு பேரு, அக்கா.”

“போய் அவனக் கூப்புடு.”

மணவாளன் உட்கார்ந்ததுமே சிரித்தான். “டோக்கன்லாம் போட்டுப் பேஜாரு பண்றியேம்மா! நம்ம கேன்டீன்ல டீ ஊத்துன பொண்ணு, இன்னிக்கு ஆபீஸரு. பெருமையா கீது.”

“கடிதம் சாயந்திரம் போயிடும்ணா. எனக்கு ஒண்ணு எழுதிக் குடுங்க. அன்னிக்குச் செத்தது பிகாஷ் மாஜின்னு. உங்க கையெழுத்துல.”

அவன் கண் சுருங்கியது. “எதுக்கு?”

வக்கீல் பாஷையில் ஒரு சொல் பேசியிருந்தாலும் அவன் எழுந்து போயிருப்பான். அவள் தலையைக் குனிந்து புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். அது போதுமாக இருந்தது. பதினைந்து வருடத்துக்கு முன்னால் தான் கட்டிவிட்ட கதையை மணவாளன் தானே நம்பிவிட்டான்.

“அடிப்பாவி! இன்னும் அவன மறக்கலியா நீ? அதான் கல்யாணமே கட்டிக்காம கீறியா?” குரலில் உண்மையாகவே இரக்கம் வந்துவிட்டது. “சரி, குடு பேப்பர. பாவம், வெச்சிக்கோ.”

எழுதினான். தாராளமாகவே எழுதினான். ரஞ்சித் தாஸ் பெயரில் இருந்த பாஸை பிகாஷுக்கு மாட்டிவிட்டது, பயிற்சி கொடுக்காதது, பெட்டி ஊர் மாறிப் போனது. ‘மனதுக்கு வருத்தமாக உள்ளது’ என்று கடைசியில் அவனாகவே ஒரு வரி சேர்த்தான். தேதி போட்டுக் கையெழுத்திட்டான். போகும்போது அவள் தலையில் கைவைத்து, “நல்லாருமா” என்றான்.

அவன் கார் தெரு முனையைத் தாண்டியதும் அவள் கடிதத்தை டைப் செய்தாள். ‘இவர்மீது புகார் ஒன்று உண்டு. புகாருக்கு ஆதாரம் அவர் கையெழுத்திலேயே இணைக்கப்பட்டுள்ளது.’ அறக்கட்டளைக்கு ஒரு பிரதி, தொழிலாளர் துறைக்கு ஒன்று, போலீசுக்கு ஒன்று. பிகாஷின் அம்மாவுக்கு போன் போட்டு, மரணச் சான்றிதழ் வாங்க வழி பிறந்துவிட்டது என்று ஒடியாவில் சொன்னாள். அந்தப் பக்கம் கிழவி நீண்ட நேரம் அழுதாள். அழுகை ஓயும்வரை ஜோதி போனை வைக்கவில்லை.

ஐந்தே முக்காலுக்கு அறக்கட்டளையிலிருந்து வசந்தகுமார் கூப்பிட்டார். “மேடம், இந்த ஆள் இடத்துல நாங்க கட்ட முடியாது. வேற இடமும் கைல இல்ல. இந்த வருஷப் பணம் வேற மாவட்டத்துக்குப் போயிடும்.”

“தெரியும் சார்.”

ஆறு மணிக்கு மணவாளனின் போன் வந்தது. எடுத்துக் காதில் வைத்துக் கேட்டாள். முதலில் கெட்ட வார்த்தை, அப்புறம் அம்மா பெயர் போட்ட கல் செதுக்கியாகிவிட்டது என்ற புலம்பல், கடைசியில் கெஞ்சல். “எதுக்கும்மா இப்டிப் பண்ண?” என்றான். முழுவதையும் கேட்டாள். நல்ல பசிக்குப் பிறகு உட்கார்ந்து சாப்பிடுவதுபோல, நிதானமாக.

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது சாலமோன் எதிரில் நின்றிருந்தான். அனுப்பிய கடிதத்தின் நகல் அவன் கையில் இருந்தது. புது விடுதியில் எந்த அறையில் யார் படுப்பது என்று ஷெட் ஷெட்டாகப் போய் இருநூறு பேரிடம் கேட்டு எழுதி வைத்திருந்தவன் அவன்தான். நாளைக்கு அவர்களிடம் போய் நிற்க வேண்டியவனும் அவனே.

“திட்டேன்” என்றாள் ஜோதி. “வாயத் தொறந்து ரெண்டு திட்டு திட்டிட்டுப் போ சாலமோன். நான் வருத்தப்படல. சொல்லிட்டேன். கொஞ்சங்கூட வருத்தப்படல.”

அவன் கடிதத்தை மேஜைமேல் கவிழ்த்து வைத்தான். சட்டைப் பையிலிருந்து அலுவலகச் சாவியை எடுத்து அதன்மேல் வைத்தான். செருப்பை மாட்டிக்கொண்டு, படி இறங்கி, வண்டியைக் கிளப்பாமல் தள்ளிக்கொண்டே ரோட்டுக்குப் போனான்.