செத்தல் புகை போன வழி

நெருப்பே இல்லாத ஒரு கணப்புக்காக என் கணவர் ஆரூரன் சுவரோடு மல்லுக்கட்டினார். ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட் நகரத்துக்கு வெளியே நாங்கள் வாங்கியது பழைய இரட்டை வீட்டின் ஒரு பாதி. மறுபாதியில் ஃப்ராவ் ப்ரேமர் என்ற ஜெர்மன் மனுசி தனியாக இருந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். அந்தச் சுவரில், எங்கள் வரவேற்பறைப் பக்கம், எந்தக் காலத்திலோ விறகு எரித்த பொந்து ஒன்று இருந்தது. அதற்குள் மின்சாரக் கணப்பு வைப்பதென்று இவர் முடிவுகட்டிவிட்டார். கண்ணாடிக்குப் பின்னால் பொய்ச் சுவாலை ஆடும், கொஞ்சம் சூட்டுக் காற்றும் வரும்.

பொந்தின் உள்ளே அறைந்திருந்த தகரம் இடித்ததால் கணப்புப் பெட்டி சுவரோடு சுவராக உட்காரவில்லை. ஆரூரனுக்கு அது பொறுக்கவில்லை. தகரத்தைக் கழற்றி எறிந்தார்.

"புகைக்கூடு பாக்கிற ஆளிட்ட ஒருக்கால் கேளுங்கோவன்" என்றேன்.

"யோகம், இது கரண்டில வேலை செய்யிற சாமான். புகையே இல்லாததுக்கு அவரிட்ட ஏன் டெர்மின் எடுத்துக் காத்திருக்கோணும்?"

அவர் சொன்னால் எல்லாம் நியாயம்போலத்தான் இருக்கும். அவரோடு பெரிய கரைச்சலே அதுதான்.

வீடு குடிபூரலுக்கு வந்தவர்கள் எல்லாரும் கணப்புக்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள். கதிர்காமநாதன் அண்ணை, "மாளிகை மாதிரியெல்லே இருக்கு" என்று வாய்விட்டே சொன்னார்.

குளிர் தொடங்கியது. எங்கள் நாலு வயது மகள் ஆதிரைக்குத் தலையிடியும் தொடங்கியது. பின்னேரமானால் சத்தி, தின்றதெல்லாம் வெளியே வரும். காலையில் கிண்டர்கார்டன் போனால் துள்ளித் திரிவாள், வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரத்தில் வாடிப்போவாள். டொக்டர் வைரஸ் என்றார். ஆரூரன் நாவூறு என்றார், அதுவும் கதிர்காமநாதன் அண்ணையின் நாவூறு. புகழ்ந்த வாய் பிள்ளையில் பட்டுவிட்டதாம்.

எனக்கு இரண்டிலும் நம்பிக்கை வரவில்லை. இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன், யன்னலடிக்குப் போவேன், திரும்பி வந்து மறுபடியும் தொடுவேன். எனக்கும் தலை இடித்தது. நித்திரை இல்லாததால் என்று நினைத்தேன். பிள்ளைக்குக் குளிருமென்று அவளுடைய மெத்தையைக் கணப்புக்கு முன்னால் போட்டிருந்தோம். வருத்தம் கூடக்கூட ஆரூரன் அதை இன்னும் கிட்டக் கிட்ட இழுத்துவிட்டார்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவர் உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து வந்தார். அன்றைக்கென்று பிள்ளை தெளிவாக இருந்து படம் கீறிக்கொண்டிருந்தாள்.

"இண்டைக்குச் சுகமாத்தானே இருக்கிறாள். விடுங்கோவன்."

"நீர் சும்மா இரும். ஒரேயடியாக் கழிச்சு விடுவம்."

அவற்றைக் கையில் பொத்திப் பிள்ளையின் தலையைச் சுற்றி எடுத்தார். எங்கள் குசினி அடுப்பில் நெருப்பு வராது. மேலே புகை மணி வேறு, கற்பூரம் கொளுத்தினாலே ஊரைக் கூட்டும். அதனால் கணப்புப் பெட்டியை வெளியே இழுத்துவிட்டு, பொந்துக்குள் சட்டி வைத்து, கற்பூரம் மூட்டி மிளகாயைப் போட்டார். செத்தல் கருகிக் கரியானது. ஒருவரும் இருமவில்லை. நாவூறு இருந்தால் மிளகாய் கமறாது என்பது கணக்கு.

"பாத்தீரே! ஒரு கமறலும் இல்லை. எவ்வளவு நாவூறு இருந்திருக்கு!" ஆரூரனுக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

அழைப்புமணி அடித்தது. வாசலில் ஃப்ராவ் ப்ரேமர், கண்ணும் மூக்கும் ஓட, சாம்பல் வாளியும் கையுமாக நின்றார். இருமலுக்கு நடுவே, தன் விறகு அடுப்பைத் துப்புரவாக்கும்போது அதன் வாய்க்குள்ளிருந்து ஏதோ புகை முகத்தில் அடித்தது என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது.

"இன்றைக்கு நீங்கள் அடுப்பு மூட்டவில்லையா?" என்று கேட்டேன்.

"இன்றைக்குத்தான் இல்லை. குளிர் தொடங்கியதிலிருந்து தினமும் பின்னேரம் மூட்டுகிறேன்."

எங்கள் புகை அங்கே போகுமென்றால் அவருடைய புகை இங்கே வரும். விறகு அடுப்பிலிருந்து கசியும், மணமும் நிறமும் இல்லாத வாயு ஆளைக் கொல்லும் என்று குளிர்காலந்தோறும் வானொலியில் சொல்வார்கள். நான் அதைக் கேட்டுக்கொண்டே சோறு வடித்திருக்கிறேன். பிள்ளையை அள்ளிக்கொண்டு சப்பாத்தும் போடாமல் தெருவுக்கு ஓடினேன்.

பிள்ளைக்கு ஆபத்து நீங்கிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். புகைக்கூடு பார்க்கும் ஆள் வந்து, இரண்டு வீட்டுக்கும் ஒரே புகைக்குழாய், கழற்றிய அந்தத் தகரம்தான் உங்கள் பக்கத்தை அடைத்திருந்த மூடி என்று சொல்லிப் பொந்தை இறுக அடைத்தார். தான் முழுவதும் சோதிக்கும்வரை ஃப்ராவ் ப்ரேமர் அடுப்பு மூட்டக்கூடாதென்றும் சொன்னார். அந்த மனுசி குளிரில் விறைக்குமே என்று ஆரூரன் தன் கணப்பைத் தூக்கிக்கொண்டுபோய் அவர் வீட்டில் வைத்துவிட்டு வந்தார். நல்ல வடிவு என்று ஃப்ராவ் ப்ரேமர் புகழ்ந்தாராம். இவர் நாவூறு என்ற சொல்லையே எடுக்கவில்லையாம்.

பின்னேரமானதும் ஆதிரை தன்பாட்டில் மெத்தையை இழுத்துவந்து, அடைத்த பொந்துக்கு முன்னால் போட்டுப் படுத்தாள்.

"அப்பா, இன்னும் கிட்ட இழுத்து விடுங்கோ."

ஆரூரன் குனிந்து மெத்தையின் நுனியைப் பிடித்தார். இழுக்க ஏலாமல் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.