கட்டிக்கு ஒரு பாட்டு

வெல்டரின் கழுத்தைப் பின்னாலிருந்து முழங்கையால் வளைத்து அவள் இழுத்தபோது, அவர் இரண்டாவது அடியையும் அடித்து முடித்திருந்தார். அப்பாவின் தலை இரும்பு பீரோவின் விளிம்பில் மோதியது. பீரோ மொத்தமும் அதிர்ந்து, மேலே இருந்த புத்தகக் கட்டு ஒன்று சரிந்து அவர் தோளில் விழுந்தது. கட்டு முழுக்க ஒரே புத்தகம்தான், அப்பா எழுதியது. ‘நோய்க்கொரு பாட்டு’, பதினான்காம் பதிப்பு.

"விடுங்க," என்றார் வெல்டர். மூன்றாவதாக ஓங்கிய கை தானாகவே இறங்கியது. அவர் வெளியே போய் வாசல்படியில் உட்கார்ந்தார். போலீஸ் வரும்வரை அங்கிருந்து எழவில்லை.

அடிக்கு முன்னால் நடந்ததை அவள் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வெல்டர் முதலில் மரியாதையாகத்தான் பேசினார். புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் பிரித்துக் காட்டி, "இது கட்டிக்கு நீங்க எழுதின பாட்டு. என் வீட்டுக்காரி எட்டு மாசம் இதைப் படிச்சா. காலையில பதினோரு தடவை, சாயங்காலம் பதினோரு தடவை, நீங்க போட்டிருக்கிற மாதிரியே. ஆபரேஷனே வேணாம்னுட்டா. போய்ச் சேர்ந்து இன்னியோட பன்னெண்டு நாள். இந்தப் பாட்டு நெசமா?" என்று கேட்டார்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"கேக்கவே கஷ்டமா இருக்கு," என்றார் அப்பா. "ஆனா முழு நம்பிக்கையோட படிச்சிருக்க மாட்டாங்க தம்பி. வாய் படிச்சிருக்கும். மனசு படிச்சிருக்காது."

முதல் அடி அப்போதுதான் விழுந்தது.

போலீஸ் வெல்டரைக் கூட்டிக்கொண்டு போன பிறகு அப்பா எழுந்து முகம் கழுவினார். உதட்டில் வெட்டு, இடது நெற்றிப்பொட்டில் எலுமிச்சை அளவு வீக்கம். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு தேநீர் கேட்டார். அவள் கைப்பேசி விளக்கை அடித்து அவருடைய கண்களைப் பார்த்தாள். இரண்டு பாவையும் ஒரே அளவில் சுருங்கின. அதில் அவளுக்கு நிம்மதி வரவில்லை. பத்தொன்பது வருடமாக நர்ஸ் வேலை. தலையில் அடிபட்டு நடந்து வந்தவர்கள், தாங்களே பேரும் வயதும் சொல்லி சீட்டு வாங்கியவர்கள், இரண்டு மணி நேரத்தில் போனதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

"கிளம்புங்கப்பா. ஒரு ஸ்கேன் எடுத்துட்டு வந்துடலாம்."

"எதுக்கு? நல்லாத்தானே இருக்கேன்."

"இப்ப நல்லாத்தான் இருக்கும். உள்ள ரத்தம் கசிஞ்சா கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் தெரியும். தெரியறப்போ நேரம் இருக்காது."

அப்பா சிரித்தார். உதடு இழுத்துக்கொண்டதால் பாதியில் நிறுத்தினார். "உன்னை நர்ஸுக்குப் படிக்க வச்சது என் தப்பு. சும்மா உக்காந்திருக்கிறவனையும் படுக்க வச்சிருவே."

அண்ணன் அப்போதுதான் அச்சகத்திலிருந்து ஓடி வந்திருந்தான். அப்பாவின் புத்தகத்தை அச்சடித்து விற்பது அவன்தான். அவனைப் பார்த்து, "நீயாவது சொல்லு," என்றாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா நாலு பேரு பாப்பாங்க," என்றான் அண்ணன். "நோய்க்குப் பாட்டு எழுதினவரு ஸ்கேன் எடுக்க வரிசையில நிக்கிறாருன்னு படம் பிடிச்சுப் போடுவாங்க. அப்பாவே வேணாங்கிறாரு. உனக்கென்ன அவசரம்?"

"அதான் நானும் சொல்றேன்," என்றார் அப்பா. "ஊரு என்ன பேசும்?"

அதற்குமேல் அவள் வாதாடியிருக்க வேண்டும். பிறகு பல நாள் அதையே நினைத்தாள். ஆனால் அந்த நேரத்தில் அவள் வாயை வேறொன்று அடைத்திருந்தது.

வெல்டரின் மனைவி கடைசி ஆறு வாரம் கிடந்தது அவளுடைய வார்டில்தான். மார்பில் கட்டி உடைந்து புண்ணாகி, கையை நுழைக்கிற அளவு குழியான பிறகுதான் கொண்டுவந்தார்கள். தலையணைக்கு அடியில் அப்பாவின் புத்தகம் இருந்தது. அட்டை கிழிந்து, பக்கமெல்லாம் விரல் பட்டுக் கறுத்திருந்தது. தினமும் புண்ணைக் கழுவும்போது அந்த அம்மாள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்லுவாள்:

‘கரைவாய் கரைவாய் கல்லென நின்றாய்
உறைபனி போல உருகிடுவாய்
வந்த வழியே வடிந்திடுவாய் என்
சொந்த உடம்பில் சுமையாகாய்.’

முதல் நாள் மூன்றாவது வரியில் வலி தாங்காமல் குரல் அறுந்தது. புண்ணைக் கழுவிக்கொண்டிருந்த அவள் தன்னை அறியாமலே நான்காவது வரியைச் சொல்லி முடித்தாள். சின்ன வயதிலிருந்து வீட்டில் கேட்டுக் கேட்டு மனப்பாடம்.

"உங்களுக்கும் தெரியுமா?" என்று அந்த அம்மாள் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"தெரியும்."

அதன்பின் தினமும் இரண்டு பேரும் சேர்ந்து சொன்னார்கள். பாட்டின் தாளத்துக்கு அவள் பஞ்சை வைத்தாள், எடுத்தாள். வலி மருந்துகூட இல்லாமல் அந்த அம்மாள் புண்ணைக் கழுவ விட்ட நாளும் உண்டு. பாட்டு பொய் என்று அவளால் சொல்ல முடியவில்லை. புண்ணைக் குனிந்து பார்க்கும்போது மெய் என்றும் சொல்ல முடியவில்லை.

அந்தப் புத்தகத்தின் முன்னுரை அவளுக்குத் தெரியும். அம்மாவுக்கு ஒரு தடவை மூச்சுத் திணறியதும், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பாடப் பாட மூச்சு சீரானதும் அதில் இருக்கிறது. டாக்டர் வீட்டுக்கு வந்து ஊசி போட்டது அதில் இல்லை. ஊசி போட அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டவள் அவள்தான். அப்போது பத்து வயது. "ஊசியை ஏம்ப்பா எழுதல?" என்று கேட்டதற்கு, "ஊசியைப் பத்தி எழுத டாக்டருங்க இருக்காங்க," என்றார் அப்பா.

நான்கு நாளைக்கு முன்னால் வெல்டர் ஏதோ சான்றிதழ் வாங்க வார்டுக்கு வந்தார். கையில் அதே புத்தகம். "இதை எழுதினவரை ஒரு தடவை பாக்கணும். ஒரு கேள்வி கேக்கணும், அவ்வளவுதான்," என்றார். அவள் தெருப் பெயரையும் கதவு எண்ணையும் சொன்னாள். அவர் தன் அப்பா என்றும் சொன்னாள். ஒரு காகிதத்தில் வழியை வரைந்தும் கொடுத்தாள். அந்தக் கேள்வியை அவள் முப்பது வருடமாகக் கேட்க நினைத்திருந்தாள். இன்னொருவர் வாயால் கேட்கட்டும் என்று தோன்றியது.

பதினொன்றரை மணிக்கு அப்பா இடது காதுக்கு மேலே கையை வைத்து அழுத்தினார்.

"வலிக்குதா?"

"லேசா." அப்பா கண்ணை மூடிக்கொண்டு தலைவலிக்கு எழுதிய பாட்டை ஆரம்பித்தார். முதல் வரி சொன்னார். மறுபடியும் முதல் வரியே வந்தது. மூன்றாவது தடவையும் அங்கேயே நின்றது. தான் எழுதியதில் ஓர் எழுத்துக்கூட மறக்காத மனிதர்.

அவள் அவருடைய அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். அண்ணன் வந்து அவள் தோளைப் பிடித்துத் தள்ளினான். "அவரைப் போட்டு இழுக்காதே. படுக்கட்டும்."

"படுத்தா எந்திரிக்க மாட்டாரு. வண்டியை எடு."

அவன் மறுபடியும் பிடித்தான். அவள் அவன் கையைக் கடித்தாள். பல் தோலில் இறங்கியது நன்றாகத் தெரிந்தது, ஆனாலும் விடவில்லை. அவன் கத்திக்கொண்டே அவள் முடியைப் பற்றி இழுத்தான். நாற்காலி உருண்டது. இரண்டு பேருக்கும் நடுவில் அப்பா குனிந்து, காலையில் குடித்த தேநீரை இரண்டு பேர் காலிலும் வாந்தி எடுத்தார்.

அதற்குப் பிறகுதான் அண்ணன் சாவியை எடுத்தான்.

கார் தெருமுனை திரும்புவதற்குள் அப்பா முரட்டு ஆளாகிவிட்டார். வாழ்நாளில் ஒரு எறும்பைக்கூட நசுக்காதவர், பின் இருக்கையில் கதவை உதைத்தார். அவளைப் பிறாண்டினார். "யாருடி நீ, விடு," என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து அவள் கேட்டதில்லை. முழங்கால் அவள் தாடையில் இடித்தது. வாய்க்குள் ரத்தம் கரித்தது. அவள் அவர் மார்பின் மேல் பாதி படுத்து, இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து அழுத்திப் பிடித்தாள்.

முன்னால் அண்ணன் ஓட்டிக்கொண்டே தலைவலிப் பாட்டைச் சொல்ல ஆரம்பித்தான். சத்தமாக, சின்னப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிப்பது போல. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து.

"வாயை மூடிட்டு ஓட்டு," என்றாள் அவள்.

அவன் நிறுத்தவில்லை. அழுதுகொண்டே சொன்னான்.

அப்பாவின் கைகள் திடீரென்று தளர்ந்தன. அவள் இமையைத் தூக்கிப் பார்த்தாள். இடது பாவை அகன்று கண் முழுக்கக் கறுப்பாக இருந்தது. வெளிச்சத்துக்கு அசையவில்லை. மூச்சு ஒரு தடவை குறட்டை போல வந்தது. அடுத்ததற்குக் காத்திருந்தாள். வரவில்லை. அவரைக் கால் வைக்கும் இடத்தில் இறக்கிக் கிடத்தி, இருக்கையில் முதுகு முட்டக் குனிந்து மார்பை அமுக்கினாள். ஏழாவதோ எட்டாவதோ அமுக்கலில் விலா எலும்பு முறிந்தது உள்ளங்கையில் தெரிந்தது. அமுக்கிக்கொண்டேயிருந்தாள். இன்னொன்று முறிந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஆட்கள் கதவைத் திறந்து அவளைப் பின்னால் இழுக்கும்வரை அமுக்கினாள்.

பன்னிரண்டு நாற்பதுக்கு டாக்டர் வெளியே வந்தார். அவள் கூட வேலை செய்கிறவர்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வெல்டரையும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் உடல் பரிசோதனைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் அவர் நடந்து வந்தபோது, அண்ணன் குளுக்கோஸ் மாட்டுகிற கம்பியைப் பிடுங்கிக்கொண்டு பாய்ந்தான். அவள் குறுக்கே போனாள். கம்பி அவள் தோள்பட்டையில் இறங்கியது. போலீஸ்காரர் ஒருவர் அண்ணனைச் சுவரோடு சேர்த்து அழுத்தினார்.

"போயிட்டாரா?" என்று வெல்டர் அவளைக் கேட்டார்.

"போயிட்டாரு."

அவர் தரையைப் பார்த்தார். முகத்தில் எதுவும் மாறவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இவனுக்கு வீடு எப்படித் தெரிஞ்சது? சொல்லுடா," அண்ணன் சுவரோடு நின்றபடியே கேட்டான். "புத்தகத்துல போன் நம்பர் மட்டும்தானே இருக்கு. எவன் காட்டிக் குடுத்தான்?"

போலீஸ்காரரும் வெல்டரைப் பார்த்தார். வெல்டர் வாயைத் திறக்கவில்லை. அவள் பக்கம் தப்பித் தவறிக்கூடத் திரும்பவில்லை.

"நான்தான் சொன்னேன்," என்றாள் அவள்.

அண்ணனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. போலீஸ்காரரின் பிடி தளர்ந்திருந்தது. அவன் வந்து அவளை அறைந்தான். அவள் கையை உயர்த்தவில்லை. மறு கன்னத்திலும் அறைந்தான். மூன்றாவதற்கு அவன் கை எழவில்லை. கடிபட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

"இதை எழுதிக் குடுக்கணும்மா," என்றார் போலீஸ்காரர்.

"தர்றேன்."

அவர்கள் வெல்டரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவள் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள். வார்டிலிருந்து ஒரு பெண் வந்து அப்பாவின் பொருட்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். பைக்குள் போன் அடித்தது. தெரியாத எண். அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. அவள் எடுத்தாள்.

"ஐயாங்களா?" ஒரு பெண் குரல்.

"இல்ல. அவரு மக."

"ஐயாகிட்ட குடுங்கம்மா. பாப்பாவுக்கு நேத்துலேருந்து காய்ச்சல். காய்ச்சல் பாட்டை ஒன்பது தடவை படிச்சாச்சு. இப்ப கழுத்தைத் திருப்ப மாட்டேங்குது, தொட்டாலே கத்துது. இதுக்கு வேற பாட்டு இருக்கான்னு கேக்கணும்."

"வெளிச்சத்தைப் பாத்தா கண்ணை மூடிக்குதா?"

"ஆமாம்மா."

"தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. இந்த நிமிஷமே."

அந்தப் பெண் தயங்கினாள். "ஆஸ்பத்திரி எல்லாம்... ஐயா ஒரு வார்த்தை சொல்லட்டுமே. அவரு சொன்னா போறேன்."

பெஞ்சின் அந்தக் கோடியில் அண்ணன் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"ஐயாதான் சொல்றாரு," என்றாள் அவள். "பக்கத்துலதான் இருக்காரு. உடனே போகச் சொல்றாரு. ஊசி போடச் சொன்னா போட்டுக்கச் சொல்றாரு."

அண்ணன் மறுபடி தலையைக் குனிந்துகொண்டான்.

"சரிங்க," என்றது குரல். "அப்ப பாட்டு?"

"போற வழியில படிங்க. போனை வைக்காதீங்க. நான் லைன்லேயே இருக்கேன்."

அந்தப் பக்கம் குழந்தை வீறிட்டது. யாரையோ கூப்பிட்டார்கள். தாழ்ப்பாள் சத்தம், செருப்பைத் தேடும் சத்தம். பிறகு வேகவேகமாகப் படியிறங்கும் காலடிகள். அவள் எரிகிற கன்னத்திலிருந்து போனை எடுத்து மறு காதில் வைத்துக்கொண்டாள். தெருவின் இரைச்சல் கேட்டது. ஒரு வண்டி வந்து நின்றது. எங்கே போகணும் என்று ஒரு ஆண் குரல் கேட்டது.