ஏழு மணிக்கு முன்னால் வந்தவன்

குலசிங்கம் ஐயா சிவப்பு மைப் பேனாவைத் திறந்தால் யாருக்கோ வேலை போகப்போகிறது என்று அர்த்தம். அன்று காலை ஏழேகாலுக்கு, செம்பவாங் கரையில் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த படகுத்துறை ஜெட்டியின் தகரக் கொட்டகையில், அதை மேசைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மருதப்பன், உம்மட ஆத்தான் இண்டைக்கும் வரேல்லை. நாளைக்கும் வராட்டி மூண்டு நாள். பேரை வெட்டிப்போடுவன்."

அவர் யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் கணக்கர். ஆள் வருகை எழுதும் செக்ரோலில் ஒரு கட்டம் தவறினாலும் அவருக்குச் சோறு இறங்காது. ஆட்களை மேய்க்கும் மண்டோரான எனக்கும் கோபம்தான். ஆத்தானை வேலைக்குச் சேர்த்தவனே நான்.

அவன் அந்தக் கரையின் பூர்வகுடி. ஓராங் சிலேத்தார் என்பார்கள். நாமெல்லாம் கப்பலேறி வருவதற்கு எவ்வளவோ காலம் முன்பே, ஜொகூர் நீரிணையின் சதுப்புக் காடுகளில் படகிலேயே பிறந்து படகிலேயே வாழ்ந்தவர்கள். ஓலைக்கூரை போட்ட படகில் அவனும் பெண்டாட்டியும் மூன்று பிள்ளைகளும் இரண்டு நாய்களும். "கடல்ல நண்டு கிடைக்கும், அரிசி கிடைக்குமா?" என்று கேட்டுத்தான் என்னிடம் வந்தான். எங்கள் பேச்செல்லாம் பசார் மலாய் என்ற சந்தை மொழியில்தான். இங்கே தமிழில் எழுதுவது என் வசதிக்கு. வேலைக்காரன் என்றால் அவன்தான். மற்றவர்கள் ஏணி கேட்கும் இடத்தில் தூணைக் கட்டிப்பிடித்து இறங்கிவிடுவான். ஆனால் அமாவாசை, பௌர்ணமி வந்தால் இரண்டு மூன்று நாள் ஆளையே காணக் கிடைக்காது.

நான் மட்டும் ஒழுங்கா? ஐப்பசியில் தீமிதிக்குப் பத்து நாள் முன்பே லீவு எழுதிக் கொடுப்பேன். "நேர்த்திக்கடனெல்லோ" என்று குலசிங்கம் ஐயாவே வெள்ளைக்காரத் துரையிடம் கையெழுத்து வாங்கித் தருவார். ஆத்தானுக்கு எழுதத் தெரியாது. தெரிந்தாலும் என்னவென்று எழுதுவான், கடல் வற்றுகிறது என்றா?

அன்று மாலை ஆட்களை சிராங்கூன் ரோட்டுக்கு ஏற்றிப் போகும் லாரி படுத்துவிட்டது. மற்றவர்கள் பஸ் பிடித்துப் போனார்கள். நான் சோம்பல்பட்டுக் கொட்டகையிலேயே சிமெண்டுச் சாக்குகளின்மேல் படுத்துவிட்டேன்.

விடியும் நேரம். ஜெட்டிக்கு அடியில் இரும்பு தட்டும் சத்தம். திருடன் என்றுதான் நினைத்தேன். கட்டையை எடுத்துக்கொண்டு எட்டிப் பார்த்தால், கடல் எங்கேயோ போயிருந்தது. பகலில் ஒருநாளும் கண்ணில் படாத தூண்களின் அடிப்பகுதியெல்லாம், சாயும் நிலா வெளிச்சத்தில் சேற்றோடு நின்றன. அடிச் சட்டத்தின்மேல் குந்தியிருந்தான் ஆத்தான். கையில், போன வாரம் முழுக்க நான் தேடி அலைந்த பெரிய ஸ்பானர். சற்றுத் தள்ளி அவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு சேற்றில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இங்க என்னடா பண்றே?"

"போல்ட் முடுக்கறேன், மண்டோர். நீங்க ஏழு மணிக்கு வர்றீங்க. அதுக்குள்ள தண்ணி ஏறி இதெல்லாம் மறைஞ்சுடுமே."

"அப்புறம் ஏன் பேர் குடுக்காமப் போயிடறே?"

அவன் நான் ஏதோ பிள்ளைத்தனமாகக் கேட்டதுபோலப் பார்த்தான். "தண்ணி ஏறும்போது அதோட ஆத்துக்குள்ள போனாத்தான் நண்டு. பெரிய வத்தல் மாசத்துல ரெண்டு தடவைதான். போல்ட் இறுகியிருக்கே, நீங்க பார்க்கலையா?"

எனக்கு முகம் எரிந்தது. போன மாதம் துரை ஒரு விடிகாலை வற்றலில் படகில் அடியில் போய்ப் பார்த்துவிட்டு, கீழ்ப் போல்ட்டெல்லாம் பிரமாதம் என்று என் முதுகில் தட்டினார். சனிக்கிழமை ராத்திரி வேலைக்கு நிற்கும் ஆட்கள் செய்திருப்பார்கள் என்று நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேனே! தன் குடும்பத்தின் கடலையும் எங்கள் ஜெட்டியையும் ஒரே வற்றலுக்குள் முடித்துவிட்டு இவன் சத்தமில்லாமல் போயிருக்கிறான். அவனைத்தான் நான் சோம்பேறி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

குலசிங்கம் ஐயா பத்து நிமிஷ நடையில் குடியிருந்தார். ஓடினேன். கதவைத் தட்டிய தட்டில் கட்டியிருந்த சாரத்தோடு வெளியே வந்தார்.

"ஐயா, செக்ரோலை எடுத்துக்கிட்டு உடனே வாங்க லா!"

"விசரே உமக்கு? மணி என்ன?"

"தண்ணி ஏறிடும், வாங்க!"

செக்ரோல் எப்போதும் அவர் தலைமாட்டில்தான் இருக்கும். அதையும் அதில் செருகிய பேனாவையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, திட்டிக்கொண்டே வந்தார். கரைக்கு வந்ததும் தூண்களின் அடியை எட்டிப் பார்த்தார். சாரத்தை மடித்துக் கட்டி, செக்ரோலைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துச் சேற்றில் இறங்கினார். கால் முழங்கால்வரை புதைந்தது. ஆத்தானின் பிள்ளைகள் சிரித்தார்கள்.

அவர் சிரிக்கவில்லை. தூண்களுக்கு அடியில் இருட்டாக இருந்தது. காலையில் கூப்பிடும் அதே குரலில் கூப்பிட்டார்.

"ஆத்தான்!"

அடியிலிருந்து ஸ்பானர் தூணில் இரண்டு தரம் தட்டியது.

குலசிங்கம் ஐயா கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தே முக்கால். செக்ரோலில் அந்த நேரத்துக்குக் கட்டமே கிடையாது. "துரை கேட்டா என்ன சொல்லுறது?" என்றார், என்னிடமா தன்னிடமா தெரியவில்லை.

நீர் திரும்பத் தொடங்கியிருந்தது. ஆத்தான் ஸ்பானரை ஒரு ஆணியில் மாட்டிவிட்டுப் படகை அவிழ்த்தான். நாய்கள் முன்னால் ஏறிக்கொண்டன, பின்னால் பெண்டாட்டியும் பிள்ளைகளும். படகு ஆற்று வாய்க்குள் திரும்பும்போது பார்த்தேன். முழங்கால் நீரில் நின்றபடி குலசிங்கம் ஐயா, செக்ரோலின் ஏழு மணிக் கட்டத்துக்கு முன்னால், கட்டைவிரலை அளவுகோலாக வைத்துப் புதுக் கட்டத்துக்கு ஒரு கோடு இழுத்துக்கொண்டிருந்தார்.