அண்ணன் பெயரில் இருந்த பாடு

எங்கள் வீட்டுக் குக்கரில் ஒரு முழு நாளாகச் சோறு வேகவில்லை. மூடியை இறுக்கி, விசிலும் போட்டு, அதை மூலையில் வைத்திருந்தேன். உள்ளே விரல் நீளத்தில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. செத்துப்போன பூநாரையின் காலிலிருந்து என் புருஷன் பூவரசன் அறுத்தெடுத்த பெட்டி.

முந்தின நாள் விடிந்ததும் ஏரியில் வலை எடுக்கப் போன மனுஷன், ஒரு கோணியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார். நல்ல மீன் என்று ஆசையாக அவிழ்த்தேன். நீளக் கழுத்தில் வலை நரம்பு சுற்றியிருந்தது. ரோஸ் நிற இறக்கை முழுக்கச் சேறு. 

"இன்னாயா பண்ணிக்கினு வந்துருக்க?"

"நான் இன்னா பண்ணேன்? அதுவா வந்து மாட்டிக்கிச்சு. போய்ப் பாக்கறப்பவே செத்துக் கெடந்துச்சு."

"அங்கயே போட்டுட்டு வர்றதுக்கு இன்னா?"

"அது உங்க அண்ணனோட பாடு. அங்க கெடந்தா உங்க அண்ணனத்தான புடிப்பாங்க?"

இதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் குப்பத்தில் ஏரியில் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கி, அம்மன் கோயில் மண்டபச் சுவரில் எழுதி ஒட்டிவிடும். அதுதான் பாடு. ஒருவன் பாட்டில் அவனேதான் இறங்க வேண்டும். ஊருக்குச் சொல்லாமல் கை மாற்றினால் இரண்டு பேருக்கும் ஒரு வருஷம் ஏரியே கிடையாது. என் அண்ணன் வரதனுக்கு மீஞ்சூரில் ஒரு வாரம் லோடு இறக்கும் வேலை கிடைத்தது. சனிக்கிழமைப் பாடு வீணாகப் போகிறதே என்று, "மச்சான், நீ போட்டுக்கோ. மூச்சு உடாத" என்று இவரிடம் கொடுத்துவிட்டுப் போனான். எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும்.

ஏரி பறவைச் சரணாலயம். கரையில் போர்டு இருக்கிறது. பறவை செத்தால் ஜெயில் என்று குப்பத்தில் எல்லாருக்கும் தெரியும். அந்தப் போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று இதுவரை ஒருத்தரும் நின்று படித்ததில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

பறவையைப் பின்பக்கம் முருங்கை மரத்தடியில் புதைத்தோம். பறவை எங்கே போகிறது என்று பார்க்க வனத்துறை அதன் காலில் கட்டியிருந்த பெட்டிதான் எங்களைப் படுத்தி எடுத்தது. "நாம எங்க கீறோம்னு இது மேலேர்ந்து காட்டிக்குடுத்துடும்" என்றார். ஏரியில் போடலாம் என்றேன். தண்ணீருக்குள்ளிருந்தும் பேசுமோ என்னவோ என்று பயந்தார். கடைசியில், பாத்திரத்துக்குள் மூடி வைத்தால் சிக்னல் போகாது என்று அவரே கண்டுபிடித்தார். அப்படித்தான் அது குக்கருக்குள் போனது.

அன்று முழுக்க எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. தெருவில் பைக் சத்தம் கேட்டால் எழுந்து போய் வாசலை எட்டிப் பார்ப்பேன். கோழிகள் முருங்கையடியில் கிளறும்போதெல்லாம் ஓடிப்போய் விரட்டினேன். பக்கத்து வீட்டு கஸ்தூரியம்மாள், "இன்னாடி, கோழி மேல இம்மாங் கோவம்?" என்று கேட்டாள். சிரித்து வைத்தேன். என் சிரிப்பே என்னைக் காட்டிக்கொடுத்துவிடும் போலிருந்தது.

மறுநாள் ஞாயிறு. அண்ணன் ஊருக்கு வந்திருந்தான். பத்து மணிக்கு வனத்துறை ஜீப் மண்டபத்துக்கு முன்னால் வந்து நின்றது. இறங்கிய அதிகாரி என் வயதுப் பெண். கையில் போன் வைத்திருந்தாள். ஊர் கூடிவிட்டது.

"நேத்து காலைல ஆறு மணிக்கு ஒரு பூநாரையோட கருவி கடைசியா இந்த இடத்தைக் காட்டுச்சு. அப்புறம் ஒண்ணுமே வரல. நேத்து அங்க வலை போட்டது யாரு?"

ஆக, குக்கர் வேலை செய்திருக்கிறது. எங்கள் வீடு அந்தப் போனில் இல்லை.

ஊர்த் தலைவர் நீலமேகம் சுவரில் விரலை ஓட்டினார். "வரதன்" என்றார்.

உள்ளதைச் சொல்கிறேன். அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். மறு நொடியே என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

அண்ணன் என் புருஷனைப் பார்த்தான். இவர் தரையைப் பார்த்தார். அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. நான் மீஞ்சூரில் இருந்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். ஆனால் சொன்னால் கை மாற்றியது வெளியே வரும். இரண்டு குடும்பத்துக்கும் பாடு போகும்.

"என் பாடுதான் மேடம். மாட்டி செத்துருச்சு. பயந்துக்கினு ஏரியிலயே உட்டுட்டேன்" என்றான்.

"தானா மாட்டிச் செத்தா உங்களை நான் என்ன சொல்லப் போறேன்? ஒரு போன் பண்ணியிருந்தா நாங்களே வந்து எடுத்துட்டுப் போயிருப்போம். மறைச்சீங்க பாருங்க, அதுக்குத்தான் கேஸ். ஏறுங்க."

 ஒரு போன். குழி தோண்டிய நேரத்தில் பத்து போன் பண்ணியிருக்கலாம்.

அண்ணன் ஜீப் பக்கம் நடந்தான். பூவரசன் என் மணிக்கட்டைப் பிடித்து, "சும்மா இரு. அவருக்கு ஒண்ணியும் ஆவாது" என்றார்.   உதறிவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

குக்கரை அந்தப் பெண்ணின் காலடியில் வைத்தேன். கை வியர்த்து மூடி திறக்கவே மாட்டேன் என்றது. விசில் கழன்று மண்ணில் விழுந்தது. ஒருவழியாகத் திறந்தேன்.

"பாடுதான் அண்ணனுது மேடம். வலை எங்குளுது. பறவ எங்க ஊட்டு முருங்கை மரத்தடில கீது. எங்க அண்ணன் நேத்து ஊர்லயே இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. அவள் பெட்டியை எடுத்துத் துடைத்தாள். "நாலு வருஷமா விடாம இந்த ஏரிக்குத்தான் வந்துட்டிருந்தது" என்று மெதுவாகச் சொன்னாள். எனக்குச் சொன்னாளா, தனக்கே சொன்னாளா, தெரியவில்லை.

பறவையைத் தோண்டி எடுத்தார்கள். என் புருஷன் ஜீப்பில் ஏறினார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நீலமேகம் பேனாவை எடுத்து, சுவரில் இருந்த பட்டியலில் அண்ணன், என் புருஷன் இரண்டு பேர் பெயரையும் அடித்தார். கூட்டம் கலைந்தது.

அண்ணன் மட்டும் நின்றான். மண்ணில் கிடந்த விசிலை எடுத்து என் கையில் கொடுத்தான்.

"எதுக்கு சொன்ன அர்ச்சனா? நான் ஒருத்தன் போயிருப்பேன். இப்ப ரெண்டு ஊட்லயும் ஒலை வெக்க வழியில்ல."

 வீட்டுக்கு வந்து குக்கரைக் கழுவினேன். மூன்று தடவை கழுவியும் அதில் அரிசி போடக் கை வரவில்லை.