டிராகனின் கடைவாய்ப்பல்

விவாகரத்தில் எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டார்கள். வாஷிங் மெஷின் அவளுக்கு, டிவி அவனுக்கு. சோபாவை இருவரும் கேட்காததால் அது வாசலில் கிடந்து மழையில் நனைந்து செத்தது. பிரிக்க முடியாமல் நின்றது ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் ஒன்றுதான்.

ஆட்டம் என்றால் சீட்டோ கேரமோ இல்லை. பல் டாக்டரின் கிளினிக்கில், விடுமுறை நாளன்று, நோயாளிகள் காத்திருக்கும் அறையில் நாலு பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். இல்லாத ஊர் ஒன்றைப் பற்றி டாக்டர் சொல்வார். மற்ற மூவரும் அந்த ஊரில் இல்லாத ஆட்களாக மாறி, இல்லாத பூதங்களோடு சண்டை போடுவார்கள். அடி விழுந்ததா தப்பியதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்; பத்துக்கு மேல் விழுந்தால் நினைத்தது பலிக்கும். ஆறு வருஷமாக இதுதான் நடக்கிறது. பிஸ்கட் கிடையாது. டாக்டர் கேரட் துண்டுகள்தான் வைப்பார்.

அவன் டவுன் பஸ் ஓட்டுகிறவன். ஆட்டத்தில் அவனுடைய ஆள் இரும்புச்சட்டை. கேடயத்தோடு முன்னால் நின்று எல்லா அடியையும் வாங்கிக்கொள்பவன். அவள் மருந்துக்கடை நடத்துகிறாள். ஆட்டத்தில் வைத்தியக்காரி, அவன் வாங்கும் அடிகளை எல்லாம் பின்னாலிருந்து மந்திரம் போட்டு ஆற்றுகிறவள். மூன்றாவது ஆள் அவளுடைய தம்பி. மெத்தைக் கடை விற்பனையாளன், ஆட்டத்தில் புல்லாங்குழல் ஊதும் பாட்டுக்காரன். சண்டை தொடங்கிவிட்டால் பாட்டுக்காரன் எந்தத் தூணுக்குப் பின்னால் இருக்கிறான் என்று டாக்டருக்கே தெரியாது.

விவாகரத்துக்குப் பிறகும் மச்சான் அவனை 'மாமா' என்று கூப்பிடுவதை விடவில்லை.

"அவரு இப்ப உனக்கு மாமா இல்லடா," என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

"நீதானேக்கா டைவர்ஸ் பண்ணுன. நான் பண்ணலையே."

முதலில் ஒரு வாரம் அவன், ஒரு வாரம் அவள் என்று வந்து பார்த்தார்கள். அவன் வராத வாரம் முன்னால் நிற்க ஆள் இல்லை. அவள் வராத வாரம் ஆற்ற ஆள் இல்லை. இரண்டு வாரமும் பாட்டுக்காரன் மட்டும் அடிபடாமல் வந்தான். சரி, ஒன்றாகவே வாருங்கள் என்றார் டாக்டர். போன ஞாயிறு ஒரு பாழடைந்த கோட்டைக்குள் நுழையும்போது கதவை யார் சாத்துவது என்ற பேச்சு வந்தது. அது பழைய வீட்டில் காஸை மூடாமல் போனது யார் என்ற பேச்சாக மாறி, சாயங்காலம்வரை ஓடியது. கோட்டைக்குள் காத்திருந்த பூதத்தைக் கடைசிவரை யாரும் போய்ப் பார்க்கவில்லை.

அதனால் இந்த ஞாயிறு டாக்டர் கேரட்டைத் தட்டில் வைத்த கையோடு சொல்லிவிட்டார்.

"இன்னிக்குக் குகை. உங்க ரெண்டு பேர்ல யாரோட ஆள் சாகுதோ, அவங்க அடுத்த வாரத்துலேர்ந்து வர வேண்டாம். சம்மதமா?"

"சம்மதம்," என்றாள் அவள்.

"ரெண்டு பேருமே சாகலைன்னா?" என்றான் அவன்.

"டிராகன் இருக்கு. யாராவது சாவீங்க."

அவனும் சம்மதம் என்றான். சொன்ன பிறகுதான் ஞாயிறு போனால் என்ன மிஞ்சும் என்று எண்ணிப் பார்த்தான். வாரத்தில் ஆறு நாள், 'ஓட்டுநரிடம் பேசாதீர்கள்' என்று எழுதிய பலகையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன் அவன். ஜனங்களும் அதை மதித்து நடந்தார்கள். ஷிப்ட் முடிந்து திரும்பும் ஒற்றை அறையில் பலகை தேவைப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குத்தான் அவனைப் பார்த்து யாராவது, "இப்ப என்ன பண்றே?" என்று கேட்பார்கள். அவளுக்கு மருந்துக்கடை நிறைய ஆட்கள். இருமல்காரர்கள்தான் என்றாலும் ஆட்கள்தானே.

குகை வாசலில் மூன்று அரக்கர்கள்.

"முதல் அரக்கன், முன்பல் நாலும் கோணல். ரெண்டாமவனுக்கு ஈறு இறங்கிப் போயிருக்கு," என்று டாக்டர் ஆரம்பித்தார். எந்தப் பூதத்தை வர்ணித்தாலும் அவர் வாயிலிருந்துதான் தொடங்குவார். கண், கை, ஆயுதம் எல்லாம் அப்புறம். ஆறு வருஷத்தில் மற்றவர்களுக்கு இது பழகிவிட்டது. எந்தப் பல் சொத்தையோ அந்தப் பக்கம் அடித்தால் பூதம் சுருண்டுவிடும்.

அரக்கர்கள் சுருண்டார்கள். அதற்குள் இரும்புச்சட்டையின் உயிர் இருபதிலிருந்து ஏழுக்கு இறங்கியிருந்தது. அவன் அவளைப் பார்த்தான். அவள் தன் ஆளின் உயிர்க்கணக்கு எழுதிய தாளைப் பார்த்தாள். டிராகனிடம் போய்ச் சேரும்வரை அவளுக்குக் கேடயம் வேண்டும், அவனுக்கு மருந்து வேண்டும். அதற்கப்புறம் யாருக்கு யாரும் வேண்டாம். இந்தக் கணக்கு மேஜையில் எல்லோருக்கும் தெரியும்.

"அஞ்சு தர்றேன்," என்றாள்.

"பத்து தரலாமே."

"அஞ்சு போதும் உங்களுக்கு."

காதலித்த காலத்திலும் கல்யாணமான பின்னும் அவள் அவனை நீ, வா, போ என்றுதான் பேசினாள். கோர்ட்டில் கையெழுத்துப் போட்ட அன்றிலிருந்து 'வாங்க, போங்க' என்று மரியாதை வந்துவிட்டது. ஆனால் வைத்தியக்காரிக்கு விவாகரத்து ஆகவில்லை. மந்திரம் போடும்போது அவள் பழையபடி, "அசையாம நில்லுடா, மாடு," என்றாள்.

டிராகன் குகையின் அடியில் சுருண்டு படுத்திருந்தது. டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவர் குரலே கனிந்துவிட்டது.

"மொத்தம் நாப்பத்தெட்டுப் பல். எல்லாம் முத்து. ஆனா கீழ்த்தாடை, இடது பக்கம், கடைசிக் கடைவாய்ப்பல்... பாவம். ஈறு வீங்கி, சீழ் கோத்திருக்கு. அந்தப் பக்கம் நெருப்பு ஊத முடியாது. வலியில தூக்கம் கிடையாது. கோபமா இருக்கு."

"வேல எடுத்து அந்தப் பல்லுல ஒரு குத்து," என்றான் அவன்.

"செத்துரும்," என்றாள் அவள். "சாகிறதுக்கு முன்னாடி நம்ம எல்லாரையும் கொளுத்திரும். வேண்டாம். பல்லைப் பிடுங்குவோம்."

டாக்டர் அவளைப் பார்த்த பார்வையில் ஆறு வருஷத்து நன்றி இருந்தது.

ஆனால் டிராகன் வாயைத் திறக்க வேண்டுமே. அங்கேதான் பாட்டுக்காரன் தூணை விட்டு வெளியே வந்தான். மச்சான் நாற்காலியின் நுனிக்கு வந்து, கடையில் வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோல் டாக்டரைப் பார்த்துச் சிரித்தான்.

"ஐயா, சும்மா ஒரு தடவை ஆ காட்டிப் பாருங்க. வாங்கணும்னு கட்டாயமே இல்ல. பிடிக்கலைன்னா உடனே எங்களைத் தின்னுடலாம். நாங்க எங்கேயும் போயிட மாட்டோம்."

உருட்டினான். பதினெட்டு. டிராகன் வாயைத் திறந்தது.

"ஆனா வலியில தாடை தானா மூடும்," என்றார் டாக்டர். "யாராவது கேடயத்தை நட்டுப் பிடிச்சிக்கணும். ஒருத்தர் உள்ள போய்ப் பிடுங்கணும்."

பிடிப்பவன் யார், போகிறவள் யார் என்று பேச வேண்டியிருக்கவில்லை. வைத்தியக்காரி இடுக்கியோடு நாக்கின் மேல் ஏறி நடந்தாள். இரும்புச்சட்டை கேடயத்தை இரண்டு தாடைக்கும் நடுவில் முட்டுக்கொடுத்தான். மூன்று சுற்று பிடிக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு உருட்டல். ஒவ்வொரு சுற்றிலும் கொதிக்கிற எச்சில் மேலே விழும்.

முதல் சுற்று, பதினாலு. பிடித்தான். உயிர் பன்னிரண்டிலிருந்து எட்டு.

"பிடிடா, விட்டுறாத," என்றாள் டிராகன் வாய்க்குள்ளிருந்து.

இரண்டாவது சுற்று, பதினேழு. உயிர் நாலு.

டாக்டர் பகடையை அவன் பக்கம் நகர்த்தவில்லை. கேரட் ஒன்றை எடுத்து அதன் நுனியைப் பார்த்தபடி, "வேணும்னா விட்டுடலாம்," என்றார். "உருட்டக்கூட வேணாம். கையை எடுத்தேன்னு சொன்னா போதும்."

மச்சான் மெல்லுவதை நிறுத்தினான். அவள் அவனைப் பார்க்கவில்லை. தன் தாளில் எதையோ எழுதுவதுபோல் பென்சிலை வைத்திருந்தாள், எழுதவில்லை. கையை எடுத்தேன் என்று அவன் சொன்னால் நாப்பத்தெட்டுப் பல்லும் இறங்கும். நாற்காலி அவனுக்கு. அடுத்த ஞாயிறு, அதற்கடுத்த ஞாயிறு, எல்லா ஞாயிறும்.

அவன் வாயைத் திறந்தான். நினைத்தது ஒன்று, வந்தது வேறு.

"படியில ஆள் நிக்கும்போது கதவை மூட முடியாது டாக்டர்."

"இது பஸ் இல்லையே."

"எதுவா இருந்தாலும்."

பதினாறு வருஷ சர்வீஸ். முன்கதவு பொத்தான் அவன் கையில்தான் இருக்கிறது. எத்தனையோ பேரை ஏற்றாமல் போயிருக்கிறான். ஓடிவந்து கையாட்டியவர்களைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போயிருக்கிறான். படியில் கால் வைத்தவர்மேல் மட்டும் கதவை மூடியதில்லை. விரல் அதற்கு மேல் நகராது. தியாகம் கியாகம் ஒன்றுமில்லை, பழக்கதோஷம். அவனுக்கே அவன்மேல் எரிச்சலாக வந்தது. பகடையைப் பிடுங்கி உருட்டினான். பதினொன்று. ஒரு மயிரிழையில் தாங்கியது. உயிர் ஒன்று.

பல் வந்துவிட்டது. அவள் அதை அணைத்துக்கொண்டு வெளியே உருண்டாள். டிராகன் வலியில் தலையை உதற, இரும்புச்சட்டை பாறையில் போய் மோதினான். உயிர் பூஜ்யம்.

"இன்னும் மூணு மூச்சு இருக்கு," என்றார் டாக்டர். "டிராகனுக்கும் ரத்தம் நிக்கல. வைத்தியக்காரிகிட்ட மந்திரம் எத்தனை பாக்கி?"

"ஒண்ணு."

"அக்கா," என்றான் மச்சான்.

அவள் பென்சிலின் பின்பக்கத்தைக் கடித்தாள். டாக்டர் இருப்பதை நினைத்துக் கடிப்பதை நிறுத்தினாள். அவன் சுவரில் ஒட்டியிருந்த பல் துலக்கும் முறை படத்தை, முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டிராகனுக்குப் போடுறேன்," என்றாள்.

"அக்கா!"

"என்னடா அக்கா? பல் எடுத்தா முதல்ல ரத்தத்தை நிறுத்தணும். டாக்டரையே கேளு."

 தொழில்முறையில் டாக்டரால் மறுக்க முடியவில்லை. மூன்று மூச்சும் முடிந்தது. ஆறு வருஷமாக எல்லோருக்கும் முன்னால் நின்ற இரும்புச்சட்டை, ஒரு டிராகனின் ஈறு ஆறுவதைப் பார்த்தபடி செத்துப் போனான்.

"பேச்சு பேச்சுதான்," என்றாள் அவள், யாரும் ஒன்றும் சொல்லாதபோதே. பிறகு அவனைப் பார்த்து, "நீங்க விட்டிருக்கலாம். நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன்," என்றாள்.

"நீ எப்படிச் சொல்லுவே? நாப்பத்தெட்டுப் பல்லுக்கு நடுவுல இருந்திருப்பே."

அவன் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தான். மச்சான் கூடவே எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் திரும்ப உட்கார்ந்தான். கதவோரப் பெஞ்சில் உட்கார்ந்து அவன் ஷூவை மாட்டத் தொடங்கினான். கயிறு வழக்கத்தைவிட நீளமாக இருந்தது.

ஆட்டம் நிற்கக் கூடாதே என்று டாக்டர் தொண்டையைச் செருமினார். "டிராகன் வழி விடுது. உள்ள ஒரு மண்டபம். ஆறு எலும்புக்கூடு எழுந்து வருது. முதல் எலும்புக்கூடு, மேல்வரிசையில பல் முழுசா இருக்கு. கீழ, வலது பக்கம் ரெண்டாவது மட்டும் ஆடுது..."

"வலது பக்கம் அடிப்போம்," என்றாள் அவள் கொட்டாவி விட்டபடி.

"எப்படி வருது டாக்டர்?" பெஞ்சிலிருந்து அவன் கேட்டான்.

"எப்படின்னா? வரிசையா."

"ஆறு பேர் என்னிக்கு வரிசையா வந்திருக்கான்? காலியா இருக்கிற பக்கம்தான் பாய்வானுங்க. ரெண்டு பேர் முன்னாடி வந்து சும்மா முண்டுவான். நாலு பேர் பின்னாடி சுத்திக்கிட்டு வருவான். கடைசில நிக்கிறவன்தான் மாட்டுவான்."

"மாமா, கடைசில நான்தானே நிக்கிறேன்!" மச்சான் அலறினான்.

"தெரியும்டா."

டாக்டர் பேனாவைத் திறந்து அதை எழுதிக்கொண்டார். பிறகு நோயாளியின் வாயைப் பார்க்கத் தான் உட்காரும் சக்கர ஸ்டூலை உள்ளேயிருந்து உருட்டி வந்து, தன் நாற்காலிக்குப் பக்கத்தில், மேஜைக்கு அந்தப் பக்கம் நிறுத்தினார்.

"டாக்டர், அவரு செத்தாச்சு," என்றாள் அவள்.

"எலும்புக்கூடுன்னா செத்தவங்கதானேம்மா. அதுங்களுக்கு இனி அவரு உருட்டட்டும்."

அவன் ஒரு காலில் ஷூவோடும் ஒரு காலில் வெறும் சாக்ஸோடும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து பகடையை எடுத்தான். அவளுக்கு முன்னால் இப்போது கேடயம் இல்லை. முதல் எலும்புக்கூடு யாரை அடிக்கும் என்று டாக்டர் கேட்பதற்கு முன்பே உருட்டிவிட்டான். பத்தொன்பது.

அவள் தன் உயிரில் எட்டைக் கழித்தாள். பென்சில் முனை உடைந்தது.

"சனியனைக் காப்பாத்தியே தொலைச்சிருக்கலாம்."