அத்தை பார்த்த அருவி

உலகமெல்லாம் பேர் வாங்கிய அருவி அது. சுற்றி முளைத்திருந்த ஹோட்டல்களுக்கோ அருவியை விடப் பெருமை அதிகம். எல்லா ஹோட்டலும் 'அருவி தெரியும் அறை' என்றுதான் விளம்பரம் செய்தது. மூக்குக் கண்ணாடிக்கடைக்காரர் பிடித்திருந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து ஹோட்டலின் சமையலறைப் புகைக்குழாய் தெரிந்தது. கேட்டதற்கு, அலமாரி மேல் ஏறி இடது பக்கம் எட்டிப் பார்த்தால் அருவி தெரியும் என்று வரவேற்பறைப் பெண் கூச்சமே இல்லாமல் சொன்னாள். அவர் ஏறவில்லை. கல்யாண நாளும் அதுவுமாகக் காலை உடைத்துக்கொள்ள அவருக்கு விருப்பமில்லை.

மனைவியோடு மட்டும் வருவதாகத்தான் திட்டம். கார் சாவியை மாமியார் கையில் எடுத்த பிறகு திட்டமாவது மண்ணாங்கட்டியாவது. மாமியார் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஊரில் ஸ்டியரிங் பிடிக்கும் கைகளில் பாதி அவர் தட்டித் திருத்திய கைகள். இன்னும் பக்குவம் வரவில்லை என்று பெற்ற மகளையே லைசென்ஸ் வாங்க விடவில்லை. மாப்பிள்ளை அவரிடம் தேறாமல், எதிர்த்தெரு ஸ்கூலுக்குக் கள்ளத்தனமாகப் போய் லைசென்ஸ் வாங்கியவர். அந்தத் துரோகத்துக்கு அந்த வீட்டில் மன்னிப்பே கிடையாது.

மாமியாரின் கண்மேல் கண்ணாடிக்கடைக்காரருக்குக் கொஞ்ச நாளாகவே சந்தேகம். தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றிவிட்டுக் கோப்பை ஓட்டை என்பார். தாஜா பண்ணிக் தன் கடைக்குக் கூட்டிப் போய்க் கண் சோதிக்கும் எழுத்து அட்டையைக் காட்டியபோது, அடி வரிப் பொடி எழுத்து வரை கடகடவென்று வாசித்துத் தள்ளினார். அதற்கு மேல் வாயைத் திறக்க மாப்பிள்ளைக்குத் தைரியமில்லை. மலைப்பாதையிலும் வண்டி வெண்ணெயாக வழுக்கிக்கொண்டுதான் வந்தது. ஏற்றம் பழக்க ஆட்களைக் கூட்டி வந்து கூட்டி வந்து மாமியாருக்கு அந்த ரோடு அத்துப்படி. ஆனால் வண்டி நிறுத்துமிடத்திலேயே திருப்பிக்கொண்டு மலை இறங்கிவிடுவார். தண்ணீர் கீழே விழுவதைப் பார்க்க ஒருத்தர் வண்டியை விட்டு இறங்க வேண்டுமா என்பது அவர் கட்சி.

இந்த முறை இறங்கினார். முதலில் மெழுகுச் சிலைக் காட்சிக்குப் போனார்கள். எந்தச் சிலை யாரென்று செய்தவனுக்கே தெரிந்திருக்காது. பிறகு பிளாஸ்டிக் மழைக்கோட்டு மாட்டிவிட்டு அருவி மேடைக்கு அனுப்பினார்கள். மேடையில் நாலாபக்கமும் இரைச்சல், நாலாபக்கமும் சாரல். கூட்டம் முழுக்க ஒரு பக்கக் கம்பியில் முண்டியடித்துக்கொண்டிருந்தது. மகள் அம்மாவின் கையைப் பிடிக்கப் போனாள். மாமியார் உதறிவிட்டு, ஆளில்லாத எதிர்ப்பக்கக் கம்பியைப் போய்ப் பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் இருந்தது ஒரு ஹோட்டல். வெள்ளை வெளேரென்று, அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் நின்றது.

"என்னமா விழுது பாருங்க மாப்பிள்ளை," என்றார் மாமியார், அதையே பார்த்துக்கொண்டு. "இத்தனை வருஷம் பாக்காம விட்டுட்டேனே."

அம்மா கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து மகள் சிரித்தாள். அம்மாவுக்குக் கிண்டல் வராது என்பது நினைவுக்கு வந்து, சிரிப்பைப் பாதியில் விழுங்கினாள். கண்ணாடிக்கடைக்காரர் மாமியாரையும் ஹோட்டலையும் மாறி மாறிப் பார்த்தார். நாளைக் காலை இதே கண்ணை நம்பித்தான் மூன்று பேரும் மலை இறங்க வேண்டும். சொன்னால் இந்த ஜென்மத்துக்கும் பகை. சொல்லாவிட்டால் நாளையோடு ஜென்மமே முடிந்துவிடும்.

"அத்தை, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க."

மாமியார் திரும்பினார். கண்ணைச் சுருக்கிச் சற்று நேரம் பார்த்தார்.

"அங்கயும் ஒண்ணு விழுதா?"

"இங்க ஒண்ணே ஒண்ணுதான் அத்தை. அது இதுதான். நீங்க பாத்தது ஹோட்டல்."

பொரிந்து தள்ளப் போகிறார் என்று மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். மாமியாரோ கைப்பையைத் துழாவிச் சாவியை எடுத்து நீட்டினார். சாவி மாப்பிள்ளைக்கு நேராக இல்லாமல் பக்கத்துக் காற்றுக்கு நீண்டது. சாவி இருந்த இடத்துக்கு அவர் நகர்ந்துபோய் வாங்கிக்கொண்டார்.

"உங்க அட்டை எனக்கு மனப்பாடம்," என்றார் மாமியார். "கடையில உக்காந்து உக்காந்து வந்துடுச்சு. தெரிஞ்சா ஸ்கூல மூடச் சொல்லிடுவீங்கன்னு பயம்."

கடை திறந்த நாள் முதல் அந்த அட்டையை மாற்றவே தோன்றாத தன் புத்தியை எதால் அடிப்பது என்று கண்ணாடிக்கடைக்காரருக்குத் தெரியவில்லை. புரையாக இருந்தால் எடுத்துவிடலாம், ஊருக்குப் போனதும் டாக்டரைப் பார்க்கலாம் என்று ஏதேதோ உளறினார். மாமியார் எல்லாவற்றுக்கும் சரி என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை மாப்பிள்ளை அதுவரை கேட்டதே இல்லை.

மறுநாள் காலை வண்டி நிறுத்துமிடத்திலேயே இரண்டு தடவை இன்ஜினை அணையவிட்டார் கண்ணாடிக்கடைக்காரர். பக்கத்து சீட்டில் மாமியார் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாவது தடவை வண்டி நகர்ந்தது. எதிரே வருவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டச் சொன்னார் மாமியார். இவரும் பள்ளிப் பையனைப் போலச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். வளைவில் பஸ், ஓரத்தில் கல், தடுப்புச் சுவர் இல்லை, கீழே பள்ளம். மாமியார் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுக் கியரை மாற்றச் சொன்னார். பெரிய லாரி ஒன்று உரசுகிற மாதிரி ஏறிப் போனது.

"ஏறும்போது இது ஒண்ணும் எனக்குத் தெரியல மாப்பிள்ளை," என்றார் மாமியார். "பழகின ரோடுதானேன்னு வந்துட்டேன். பின்னாடி என் பொண்ணு தூங்கிட்டு வந்தா."

கண்ணாடிக்கடைக்காரர் அடுத்த வளைவை வாய்விட்டுச் சொல்லாமலே ஸ்டியரிங்கைத் திருப்பினார். பின்சீட்டிலிருந்து மகள் கையை நீட்டி அம்மாவின் தோளைப் பிடித்தாள். இந்தத் தடவை அம்மா அதை உதறவில்லை.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்று கேட்டார் மாமியார். "சொல்லுங்க. அடுத்து என்ன வருது?"